விருந்தாளி இறங்கினார், கூடை ஏறியது

போன தைப் பொங்கல் கழிந்த வாரம் நடந்தது இது. செம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தக்காளிக் காட்டில் நானும் வீட்டுக்காரரும் காலையில் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே கல்யாண வீட்டு அடுப்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்தால் வீடு கொள்ளாத பெரிய பலூன், அதன் அடியில் பிரம்புக் கூடை, கூடைக்குள் இரண்டு பேர்.

காற்று நின்றுபோனதால் எங்கள் காட்டிலேயே இறங்கினார்கள். ஓட்டி வந்தவர் பெங்களூர்க்காரர், அரைகுறைத் தமிழ். துணியைச் சரித்தால் செடி நசுங்கும் என்று, அவருடைய ஆட்கள் வண்டியோடு வரும்வரை பலூனை நிமிர்த்தியே வைத்திருந்தார். அந்த மனசு எனக்குப் பிடித்துப்போனது. கூட வந்து கூடைக்குள்ளேயே நின்ற அம்மாவுக்கோ பயத்தில் முகம் வெளுத்திருந்தது. வந்தவரை நிற்கவைத்தே பேசுவது எங்கள் பக்கம் மரியாதையா?

"இறங்குங்கம்மா, செத்த உக்காந்து மோர் குடிங்க" என்றபடி, ஓட்டுநர் திரும்புவதற்குள் அந்த அம்மாவை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டேன்.

கூடை மெல்லத் தரையை விட்டு எழும்பியது. வரப்பு முடிவில் கரண்டுக் கம்பி. நின்றிருந்த காற்றும் அந்தப் பக்கமாகவே வீசத் தொடங்கியது.

"ஆள் இறங்கினா மேல போகும், அமுக்குங்க" என்று கத்திக்கொண்டே ஓட்டுநர் ஒரு கயிற்றை இழுத்தார். பலூன் உச்சியில் இருந்த மூடி திறந்தது. ஆனால் அவ்வளவு சூடும் வெளியேற நேரம் வேண்டுமே. நானும் வீட்டுக்காரரும் கூடை விளிம்பில் தொங்கினோம். கூடை எங்களையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

"ஏ புள்ள, தொங்காத, உள்ள விழு. நம்ம ரெண்டு பேருல கனம் நீதான்" என்று வீட்டுக்காரர் கீழிருந்து என்னை உந்தித் தள்ளினார். கூடைக்குள் இருந்த கேஸ் சிலிண்டர் மேல் போய் விழுந்தேன். கூடை தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. துணி சுருங்கிச் செடிகள் மேல் சரிந்தபோது, அதன் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம்தான் இருந்தது.

மோர் குடிக்கும்போது ஓட்டுநர் விளக்கினார். உள்ளே இருக்கும் சூட்டுக் காற்று வெளிக் காற்றைவிட லேசு. அளவான பாரம் இருந்தால்தான் பலூன் நிதானமாக நிற்கும், ஓர் ஆள் குறைந்தாலும் மேலே கிளம்பிவிடும். இதை முதலில் செய்தவர்கள் பிரான்சில் காகிதம் செய்த அண்ணன் தம்பிகளாம். புகைதான் தூக்குகிறது என்று நினைத்து ஈர வைக்கோலைக் கொளுத்தினார்களாம். மனுஷரை ஏற்றும் முன் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவலை அனுப்பிப் பார்த்தார்களாம்.

"ஆடு, வாத்து, சேவலு, அதுக்கப்புறம் எங்க வீட்டம்மா" என்றார் வீட்டுக்காரர். பலூனில் வந்த அம்மா புரையேறச் சிரித்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

இரண்டு பாத்தித் தக்காளி போனது பெரிதில்லை. பிரியமாகத்தான் கை கொடுத்தேன். அந்தப் பிரியமே ஒரு மனுஷரைக் கம்பியில் கொண்டுபோய் மாட்டியிருக்கும். இன்றைக்கும் உதவி என்றால் முந்திக்கொண்டு ஓடுகிற ஆள்தான் நான், அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை, ஆனால் கையை நீட்டும் முன், "நான் என்ன செய்யட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.