குசினி வாசலில் கட்டிய வேப்பிலை

வைரஸ் புகுந்த உடற்கலம் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அது கத்தும். ஒரு புரதத்தை வெளியே விடும். அது போய்த் தொட்டதும் பக்கத்துக் கலங்கள் கதவை இறுக்கிக்கொள்ளும். கெட்டிக்கார வைரஸ் அந்தக் கத்தலை எங்கோ அடைத்துவிடும். எங்கே? வருடக்கணக்காக அதைத்தான் தேடுகிறேன். ஊரில் சொன்னால், "இதுக்கோ இவ்வளவு படிச்சனி?" என்பார்கள். சொல்வதை விட்டுவிட்டேன்.

திருவிழாவுக்குப் புங்குடுதீவு போயிருந்தேன். தங்கை அங்கேதான் இருக்கிறாள். அப்போது நாலு மாதக் கர்ப்பம். பக்கத்து வீட்டு மாமியின் மகள் குடும்பத்தோடு கனடாவிலிருந்து தேர் பார்க்க வந்திருந்தாள். தங்கை பொழுதுக்கும் அங்கேதான்.

மாமி தந்த சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பின்பக்கத்தால் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினியின் வாசலில், உள்பக்கமாக, ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. அறைக்குள் மாமியின் பேத்தி அந்த வெயிலிலும் நீளக் கைச்சட்டையோடு படுத்திருந்தாள்.

"ஆருக்கு மாமி அம்மாள்?"

"மெல்லக் கதையும் பிள்ளை. பேத்திக்கு. சும்மா நாலு கொப்புளம்."

"கேற்றிலை ஏன் கட்டேல்லை?"

"கட்டினால் ஆர் வீட்டை வருவினம்? நாங்கள்தான் தேருக்குப் போகேலுமே? இவ்வளவு தூரம் வந்ததுகள். அம்மாளுக்குக் குறை வைக்கேல்லை. அவவுக்குத்தான் உள்ளுக்குக் கட்டியிருக்கு."

எனக்குத் தலை கொதித்தது. "வந்த அம்மாளுக்குத் தான் வந்தது தெரியாதோ? கேற்றிலை கட்டுறது எங்களுக்கு மாமி. என்ரை தங்கச்சி நாலு மாசம். நேற்றும் உவளை மடியிலை வச்சிருந்தவள்!"

மாமி சட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போய் அறைக் கதவைச் சாத்தினார்.

கொப்புளிப்பான் என்கிற இந்த அம்மை ஒருமுறை வந்தவளுக்குப் பயமில்லை. வராத கர்ப்பிணிக்குத் தொற்றினால் தாயின் நுரையீரலையும் பிடிக்கலாம், வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கலாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு வந்தது. அவளுக்கு வரேல்லை," என்றார் அம்மா. "வந்திருந்தால் வேப்பிலை கட்டியிருப்பன். தண்ணி வாத்திருப்பன். மறப்பனே?"

அடுத்த பஸ்ஸில் தங்கையை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். நோய் வந்துபோனதைக் காட்டும் பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் உடனே ஊசி, அது கிடைத்தால்.

பாலத்தில் பஸ் ஊர்ந்தது. தங்கை வயிற்றில் கையை வைத்துக் கடலைப் பார்த்தாள். எனக்கு அந்த வேப்பிலை மனதை விட்டுப் போகவில்லை. மாமி கட்டாமல் விடவில்லை. கட்டினார், வெளியே தெரியாத இடத்தில். ஆய்வுகூடத்தில் எங்கள் கலங்கள் கத்தவே இல்லை என்று முடிவெடுத்திருந்தோமே, எதை வைத்து? கலங்களுக்கு வெளியே இருந்த திரவத்தைச் சோதித்தோம். புரதம் உள்ளுக்குள்ளேயே தேங்கிக் கிடக்கிறதா என்று கலத்தை உடைத்துப் பார்த்தோமா? இல்லை. தங்கை பயத்தில் இருக்கும்போது நான் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். புத்தி அப்படி, என்ன செய்ய.

இரத்தம் கொடுத்துவிட்டு அம்மாவோடு தங்கினோம். தங்கை சாப்பிடவில்லை. முடிவு வந்தது. பிறபொருளெதிரி இருந்தது. எப்போதோ வந்து போயிருக்கிறது.

"எப்ப அம்மா?"

அம்மா வருடங்களை விரல்விட்டு எண்ணினார். "இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்திலை கிடந்தமே, அப்பவாத்தான் இருக்கும். பிள்ளையள் எல்லாருக்கும் மேலெல்லாம் புண். நான் சிரங்கு எண்டு நினைச்சன்." பிறகு கோபமாகச் சொன்னார்: "அங்கை கேற் எங்கை இருந்தது, வேப்பிலை கட்ட?"

தங்கை சிரிக்கத் தொடங்கி அழுதாள். பிறகு ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது தேர் முடிந்திருந்தது. மாமி வீட்டுக் கேற்றில் ஒரு கொத்து அல்ல, ஒரு கிளையே தொங்கியது. அவர்கள் தேருக்குப் போகவில்லை. தங்கை அதைக் கையால் விலக்கிக்கொண்டு நேரே உள்ளே நடந்தாள். நானும் பின்னால் போனேன், கோபம் தீராமலே.

மாமி தங்கையின் முகத்தைப் பார்த்தார். பயமில்லை என்று அவள் தலையாட்டியதும் கதிரையில் பொத்தென்று இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் கத்தின கத்துக்குக் கோயில் லவுட்ஸ்பீக்கர் தேவையில்லை," என்றார். "ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பிறகு கட்டாமல் என்ன செய்ய?"

"நல்லது," என்றேன்.