குன்றின் மேல் நான் மயங்கவில்லை

என் கணவர் பாறைப் படியில் விழுந்தபோது நான் மயங்கிக் கிடக்கவில்லை. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடித்தான் அவர் ஏறி வந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

திருவண்ணாமலையில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களுக்கு எழுத முடிகிறது...

நான் கீழ்பென்னாத்தூரில் பிறந்தவள். பெண் பார்க்க வந்த அன்று அவர் பாயில் உட்கார்ந்தபடியே இருந்தார். என்னை உள்ளே அனுப்பிய பிறகுதான் எழுந்தார் போலிருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய அந்த வலது காலை, தாலி ஏறிய பிறகு, அவர் கையைப் பிடித்து அக்கினியைச் சுற்றும்போதுதான் பார்த்தேன். அப்பாவுக்கு முன்பே தெரியுமாம். என் கணவரோ, எனக்கும் சொல்லியிருப்பார்கள், தெரிந்தே சம்மதித்தேன் என்று நம்பியிருந்தார்.

"எல்லாம் தெரிஞ்சும் ஒத்துக்கினியே, உனக்குப் பெரிய மனசு," என்றார் முதல் வாரமே.

அதற்குப் பிறகு நான் எதைச் சொல்ல முடியும்?

அவர் நல்லவர். அதை எழுதாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும். தேரடித் தெருவில் சின்னக் கடிகாரக் கடை வைத்திருந்தார். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் குழாயடிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், "எப்ப வருவே?" என்று கேட்பார். அவரோடு நடக்கும்போது அவரைவிட மெதுவாக நடக்கப் பழகினேன். தனியாகப் போகும்போதும் கால் அப்படியே நடந்தது. அதைக் கவனித்த அன்று எனக்கு அழுகை வந்தது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம் கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து பஸ் ஏற்பாடு செய்து மகாபலிபுரம் போனார்கள். நான் கடல் பார்த்ததில்லை என்பதற்காக எங்கள் இருவர் பெயரையும் அவரே கொடுத்தார்.

அங்கே ஒரு பாறைக் குன்று. உச்சியில் பல்லவர் காலத்துக் கற்கோயில் ஒன்று பாதி சிதைந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்ட அதன் மேல் விளக்கேற்றி வைப்பார்களாம். பாறையிலேயே வெட்டிய செங்குத்தான படிகள். எங்களோடு வந்தவர்கள் அதற்குள் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்க நெழல்ல குந்திக்கிறேன்," என்றார். "சீக்கிரம் வந்துடு, இன்னா?"

ஏறினேன். உச்சியில் யாரும் இல்லை. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல்... கரையோரக் கோயில் கையில் எடுத்துவிடலாம் போல அத்தனை சிறியதாக நின்றது. அதற்கும் அப்பால் கட்டுமரங்கள், பிறகு அவையும் இல்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நிமிர்ந்தாலும் எதிரே மலை நிற்கும். பார்வைக்குக் குறுக்கே எதுவுமே இல்லாத ஒரு பக்கத்தை நான் அன்றுதான் பார்த்தேன். காற்று முந்தானையைப் பிடுங்கியது. பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன்? தெரியாது.

"வசந்தா..." என்று கீழிருந்து குரல் வந்தது. மறுபடியும் வந்தது.

'தோ வரேங்க' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதானே வேண்டியிருந்தது! நான் சொல்லவில்லை.

எட்டிப் பார்த்தேன். பாறையில் கை ஊன்றி, சூம்பிய காலை ஒவ்வொரு படிக்கும் இழுத்து வைத்து ஏறிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடி இறங்கியிருக்க வேண்டும். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் கண்ணில் பட்டுவிட்டால் அந்தக் கடல் முடிந்துவிடும்... இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்றுதான் நினைத்தேன். அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அப்படித்தானா? இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

தூணோரமாகத்தான் பார்த்தேன். அவர் ஊன்றிய கை வழுக்கியது. விழுந்தார். உருண்டார். கீழே ஆட்கள் ஓடிவந்தார்கள். என்னால் அசைய முடியவில்லை. கற்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தெரு பங்கஜம் அக்காதான் முதலில் மேலே வந்தாள். சுவரோரம் சாய்ந்து கிடந்த என்னைப் பார்த்து, "அய்யோ, மயக்கம் போட்டுட்டியாடி? அதான் கூப்ட்டும் வரலியா?" என்றாள்.

தலையாட்டினேன்.

அவருக்கு நல்ல காலின் பக்கம் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்டது, "உனக்கு இப்ப தேவலையா?"

அதன் பிறகு அவர் நடக்கவே இல்லை. கடையை மூடினோம். பழுதான கடிகாரங்களை நான் வாங்கி வருவேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சரிசெய்வார். தூக்குகிறேன், குளிப்பாட்டுகிறேன். தெருவில் என்னைப் பத்தினி என்கிறார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வருகிறவர்களிடம் அவர் சொல்வதைத்தான் கேட்க முடியவில்லை. "நான் மட்டும் அன்னிக்கு ஏறி விழலனா ஆளுங்க யாரும் மேல போயிருக்க மாட்டாங்க, இவ மயக்கத்துலயே உருண்டு செத்திருப்பா. நொண்டிதான், ஆனா ஏறினேன் இல்ல?" சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வாழ்நாளில் தான் செய்த பெரிய காரியம் என்று அவர் வைத்திருப்பது அது ஒன்றுதான். ஒருமுறை, "ஏங்க, அன்னிக்கு மேல..." என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "விடு, நடந்தது நடந்துபோச்சு. நீ பொழச்சியே, அது போதும்," என்றார். உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும். அவருக்கு என்ன மிஞ்சும்? இப்படிக் கேட்பதும் ஒரு சாக்குதானோ...

போன வெள்ளிக்கிழமை பங்கஜம் அக்கா தன் புது மருமகளை அழைத்து வந்தாள். "இவங்களப் பாத்து கத்துக்கோ," என்று என் காலில் விழச் சொன்னாள். அந்தப் பெண் எழுந்தபோது அவள் கண் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது. அவளிடம் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டு பேரையும் உக்காரச் சொல்லு வசந்தா," என்றார் ஜன்னலோரத்திலிருந்து. "அந்தப் பொண்ணுக்கு மகாபலிபுரம் கதை தெரியாதில்ல?"

நான் நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.