படித்துக் காட்டிய கடிதம்

மகள் ஆங்கிலப் பாடத்தைத் தடுமாறாமல் சத்தமாகப் படித்தாள். "அர்த்தம் என்னம்மா?" என்றேன்.

"மிஸ் அர்த்தம்லாம் கேக்கமாட்டாங்கம்மா."

நானும் அப்படித்தான் படித்தேன். டீச்சர் ஒரு வரி சொல்வார். நாங்கள் அதையே கத்துவோம்.

நான் ஏழாவது படித்தபோது, கூலி வேலை செய்த அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. திருத்தணியில் ஓர் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். எங்கள் ஊரான கே.ஜி.கண்டிகையில் டீக்கடை பெஞ்சின்மேல் என்னை நிற்கவைத்துப் படிக்கச் சொன்னார். கடகடவென்று படித்தேன்.

"கலெக்டராவே ஆயிடும் போலகீதே!" என்றார் டீக்கடைக்காரர்.

"என்னாம்மா போட்டுகீது?" என்றார் நைனா.

தெரியாது என்று சொல்ல வெட்கம். "உங்க பேரை எழுதி வெச்சிகினாங்களாம் நைனா. அப்பறமா கூப்புடுவாங்களாம்."

ஆனால் கடிதத்தில் அந்தத் திங்கட்கிழமையே வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து நைனா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விசாரிக்கப் போனார். வாசலில் வேறொருவர் வாட்ச்மேனாக நின்றிருந்தார். குமாஸ்தா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இதை யாருய்யா உனக்குப் படிச்சுக் காட்டினது?" என்றார்.

"யாரும் படிக்கலீங்க. நான்தான் பெட்டியில வெச்சி மறந்துட்டேன்" என்றார் நைனா, என்னைப் பார்க்காமல். அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் படிக்கக் கொடுத்ததில்லை.

மகளின் பாடத்தில் எனக்குப் புரியாத வரி ஒன்று இருந்தது. "இது எனக்கும் தெரியலம்மா" என்றேன்.