இருபத்தெட்டு பேருக்கும் ஒரே மூஞ்சி

தராசு என்பது லோடிங் ஆட்கள் வைத்த பட்டம். பெட்டியை ஒருமுறை தூக்கினாரென்றால் எடையைச் சொல்லிவிடுவார். சீட்டில் பன்னிரண்டு கிலோ என்று அடித்திருக்கும், இவர் பதினாலு என்பார். மெஷினில் வைத்தால் பதினாலுதான் காட்டும். இந்தத் திறமைக்காக நிறுவனம் அவருக்குத் தனியாக ஒன்றும் கொடுத்ததில்லை. பத்தொன்பது வருடமாக அதே கிடங்கு, அதே லாரிகள். அவருக்கு வயது நாற்பத்தாறு, வலது முழங்காலுக்கு மட்டும் அறுபது.

மனைவிக்கும் அதே கிடங்கில்தான் வேலை, பேக்கிங்கில். இவருக்குக் காலை ஆறு முதல் இரண்டு, அவருக்கு இரண்டு முதல் பத்து. இவருக்கு வார லீவு வியாழன். அன்று மனைவி வேலைக்குக் கிளம்பும்வரை கிடைக்கும் பாதி நாளைத் துணி துவைப்பதும் சாமான் வாங்குவதும் தின்றுவிடும். அவருக்குத் திங்கள், படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க அன்று முழுக்கப் போய்விடுவார். ஆக மூன்று வருடமாக இருவரும் அதிகம் பார்த்தது மற்றவர் தூங்குகிற மூஞ்சியைத்தான். குடும்பம் நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது, வீட்டைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது கம்பெனி பஸ். மதிய ஆட்களை இறக்கிவிட்டு, காலை ஆட்களை ஏற்றிப் போகிற பஸ். லோடிங்கில் கடைசிப் பெட்டி ஒன்றே முக்காலுக்கே ஏறிவிடும், பஸ் ஒன்று ஐம்பதுக்கு வந்துவிட்டால் கேட் பக்கம் பத்து நிமிடம் பேசலாம். தாமதமானால் மனைவி இறங்கியதும் ஓட்டமாக ஓடி லைனில் நிற்க வேண்டும். இவர் கையை மட்டும் ஆட்டுவார்.

ஒரே ஷிப்ட் வேண்டும் என்று தராசு மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று காகிதமும் போன இடம் தெரியவில்லை.

அப்புறம் நவீனம் வந்தது. இனி காகிதமே கிடையாது, எல்லாம் போனில் என்றார்கள். லீவு, ஷிப்ட் மாற்றம், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே செயலியில். தராசு முதல் நாளே ஷிப்ட் மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. அடடா, பதில் சொல்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

அதே செயலியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்?’ என்று ஐந்து மூஞ்சி காட்டும். சிரிப்பதிலிருந்து அழுவது வரை. ஒன்றை அமுக்கினால்தான் கிளம்பிய நேரம் பதிவாகும். லோடிங்கில் இருபத்தெட்டு பேர். பாதிப் பேரிடம் பட்டன் போன். மீதிப் பேருக்குத் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் எடுக்காது. தராசின் போன் மட்டும் எடுக்கும். அதனால் எல்லாருடைய ஊழியர் எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிவைத்து அவரே ஒவ்வொன்றாகப் போட்டார். ஆள் எதிரில் நிற்காமல் யாருக்கும் போட்டதில்லை. நேரத்தில் ஒரு நிமிடம் கூட்டினதில்லை. ஆனால் பஸ்காரன் ஹாரன் அடிக்கும்போது ஒவ்வொருத்தனிடமும் உன் மனசு எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அன்றைக்குத் தன் மனசு எப்படியோ, அதே மூஞ்சியை இருபத்தெட்டு பேருக்கும் அமுக்கிவிட்டார்.

தலைமை அலுவலகம் ஆடிப்போனது. லோடிங் ஆட்கள் சேர்ந்து சிரிக்கிறார்கள், சேர்ந்து அழுகிறார்கள். எந்தச் சங்கமும் கண்டிராத ஒற்றுமை. விசாரிக்க ஒரு எச்.ஆர். மேடத்தை அனுப்பினார்கள்.

சின்ன வயது, நல்ல மாதிரி. கண்ணாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் தாமதமானால் இவர்கள் அழுகிறார்கள் என்பதை வரும்போதே கண்டுபிடித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போகிற அவசரம், பாவம் என்று நினைத்தார். ஆனால் திங்கட்கிழமை இடித்தது: பஸ் நேரத்துக்கு வந்தும் அழுகை. வியாழக்கிழமையோ ஒருத்தருக்கும் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அன்று தராசு போனை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு லீவில் போவார் என்பது மேடத்துக்கு எப்படித் தெரியும்? மேஸ்திரி, எதற்கு வம்பு என்று எல்லாருக்கும் நடு மூஞ்சியையே அமுக்குவார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அடுத்தவர் எண்ணைப் பயன்படுத்தினால் வேலை போகும் என்று விதி இருந்ததால், தராசைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று லோடிங்கில் முடிவாகியிருந்தது. போன திங்கட்கிழமை ஏன் வருத்தம் என்றதற்கு ஒருவன் பல்வலி என்றான். ஒருவன் மாமியார் வந்துவிட்டார் என்றான். அடுத்தவன் மாமியார் போய்விட்டார் என்றான். மேடம் எல்லாவற்றையும் டைப் அடித்தார்.

ஐந்தாவதாகப் போனவன் இருப்பதிலேயே பெரிய ஆள். மாட்டிக்கொண்டது அவனிடம்தான்.

“அன்னிக்குத்தான் மேடம் எனக்குப் பொண்ணு பொறந்துச்சு. மத்தியானம் போன் வந்துது.”

மேடம் டைப் அடிப்பதை நிறுத்தினார். “பொண்ணு பொறந்ததுக்கா அழுதீங்க?”

பெரிய ஆளுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. ஒற்றுமை ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். “நான் எதுக்கு மேடம் அழறேன்? தெருவுக்கே மிட்டாய் குடுத்தேன். அழுதது தராசு அண்ணன்.”

தராசு போய் நின்றார். ஒளிக்கவில்லை, பஸ், பத்து நிமிடம், திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். மேடம் தன் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நாலு மாதத்து ஆராய்ச்சி, ஒரு ஆளின் பெண்டாட்டி.

“இதுக்கு நீங்க ஷிப்ட் மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன் மேடம். பதினேழு வாரமா பரிசீலனையில இருக்கு. யாரு பரிசீலிக்கறாங்கன்னு தெரியல.”

மேடம் தேடினார். விண்ணப்பம் இருந்தது, மேடத்தின் பெயருக்கே வந்து, திறக்காமல். வாயைத் திறந்து கேட்டதைப் படிக்க ஆளில்லை. அமுக்கின மூஞ்சியைப் படிக்க ஒரு அலுவலகமே இருந்தது. மேடம் வேலைநீக்கப் பேச்சையே எடுக்கவில்லை. மனைவியின் ஷிப்டைக் காலைக்கு மாற்றி, சட்டென்று ஒப்புதல் போட்டார்.

தராசு முழங்காலை மறந்து கேட்டுக்கு ஓடினார். பஸ் அன்று நேரத்துக்கு வந்தது. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார்.

மனைவி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “என்னைக் கேட்டீங்களா?”

பத்தொன்பது வருடம் கேட்காமல் முடிவெடுக்கும் நிறுவனத்தில் வேலை செய்த மனிதருக்கு அந்தக் கேள்வி எங்கேயோ போய்த் தைத்தது. மனைவி நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார், இவர் பின்னால் போனார்.

“சாயங்காலம் என் லைன்ல பதினாறு பேரு. அதுக்கு லீடராக எனக்கு மூணு வருஷம் ஆச்சு. காலைல வந்தா நான் மறுபடி டேப் ஒட்டணும். இவரை இந்தப் பக்கம் அனுப்புங்க. பெட்டி சாயங்காலமும் அதே கனம்தான்.”

மேடம் தராசைப் பார்த்தார். தராசு தலையாட்டினார்.

“வார லீவையும் ஒண்ணாக்கிடுங்க. பேப்பர்ல எழுதிக் குடுங்க, மேடம். போன்ல வேணாம்” என்றார் மனைவி.

எழுதி வாங்கிக்கொண்டுதான் லைனுக்குப் போனார்.

லோடிங்கில் மறுநாள் ஒரே புலம்பல். நீ போய்விட்டால் எங்களுக்கு யார் மூஞ்சி போடுவது என்று மேஸ்திரியே கேட்டார். பிறகு சுவரில் ஒரு மெஷின் மாட்டினார்கள். அவனவன் வரிசையில் நின்று அமுக்கினான். வரைபடம் கலைத்த சீட்டுக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. தலைமை அலுவலகத்தில் நிம்மதியாக மூச்சு விட்டார்களாம்.

புது ஷிப்டின் முதல் நாள் தராசு சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மனைவியின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பேக்கிங் பெண்கள், மாமா பெண் பார்க்கப் போகிறாரா என்று கேட்டுச் சிரித்தார்கள். மனைவி நாற்பது நிமிடமும் எதிர் சீட்டுப் பெண்ணோடு லைன் விஷயமே பேசிக்கொண்டு வந்தார். இவர் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போதுதான் திரும்பினார்.

“சாப்பாட்டு நேரம் ஆறரை. லேட்டா வந்தா உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன்.”

தராசு ஆறு இருபதுக்கே கேன்டீனுக்குப் போய் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.