‘ஆள் இல்ல’ பாட்டுக்கு நேர்ந்தவை

கண்டியில் ஒரு புடவைக்கடையில் நானும் என் நண்பனும் சில வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நான் கீழே சேலைப் பகுதியில், அவன் மாடியில் காற்சட்டைப் பகுதியில். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். நன்றாகப் பாடுவான், கிட்டாரும் வாசிப்பான். கட்டுகஸ்தோட்டையில் ஒரே அறையில் தங்கியிருந்ததால் தாளம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் முதலாளி, மேடை கிடைத்தால் போதும், தானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று கண்கலங்கச் சொல்வார். மேடையிலிருந்து இறங்கியதும் கண் காய்ந்துவிடும். யார் லீவு கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “கடையில ஆள் இல்ல தம்பி.” ஆள் எடுக்காததால்தான் ஆள் இல்லை என்று அவரிடம் எடுத்துச் சொல்லவும் கடையில் ஆள் இல்லை.

ஒரு வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நண்பன் லீவு கேட்டான். அதே பதில் வந்தது. அறைக்குத் திரும்பியவன் சாப்பிடாமல் கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ‘கடை எரிஞ்சா அணைக்க ஆள் இல்ல, நான் செத்தா தூக்க ஆள் இல்ல, லீவு கேட்டாலும் ஆள் இல்ல ஆள் இல்ல’ என்று பாட்டு வளர்ந்தது. நான் பிளாஸ்டிக் வாளியில் தாளம் போட்டேன். போனில் பதிந்து, வேலை போய்விடுமே என்ற பயத்தில் பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றினோம். எங்களையும் கடைப் பையன்கள் சிலரையும் தவிர யாரும் கேட்கவில்லை.

பேராதனைக் கம்பஸில் படித்த ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் அதைக் கேட்டுவிட்டான். அவன் வயலின் சேர்த்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ‘எனக்கென்று ஒரு ஆள் இல்ல’ என்று உருகிப் பாடினான். பாட்டில் முதலாளி காணாமல் போய், பல்கலைக்கழகத்து மழையும் ஒரு குடையும் வந்திருந்தன. லட்சக்கணக்கானோர் அதைக் கேட்டு அழுதார்கள். அது லீவு கேட்கிற பாட்டு என்று நண்பன் அவனுக்குச் செய்தி அனுப்பினான். மரியாதையாகவே பதில் வந்தது.

“ஓம் அண்ணா. ஆனா சனத்துக்கு லீவு விளங்காது, காதல்தான் விளங்கும்.”

அதன்பிறகு பாட்டை யாரும் தடுக்க முடியவில்லை. சிங்களத்தில் ஒரு பாடகி கடற்கரையில் நடந்துகொண்டே பாடினார். அலவத்துகொடவில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, வாத்தியம் எதுவும் இல்லாமல் மாப்பிள்ளையின் தோழர்கள் கைதட்டி, அவருக்கு நிகராக ஊரில் ஆள் இல்லை என்று பாடினார்கள். அதுவாவது மனதுக்குப் பிடித்திருந்தது. ஒரு டியூஷன் வகுப்பு, தங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது. தேர்தல் வந்ததும் ஒரு வேட்பாளர், உங்களுக்காகப் பேச ஆள் இல்லை என்று அதையே வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். வென்ற பிறகு அவரது அலுவலகத்துக்குப் போனவர்கள், பாட்டு உண்மைதான் என்று சொன்னார்கள்.

எங்கள் முதலாளிக்கும் அந்தப் பாட்டு உயிராகிவிட்டது. வயலின் பதிப்பைக் கடையில் காலையிலிருந்து ஓட விடுவார். தன்னைத் திட்டிய பாட்டைக் கேட்டுத் தலையாட்டியபடி கல்லாவில் இருப்பார். நண்பன் மாடியில் காற்சட்டைகளை மடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடையின் ஆண்டு நிறைவு விழாவை முதலாளி கண்டி வாவியைப் பார்த்த ஒரு ஹோட்டலில் வைத்தார். ஊழியர்களில் பாடத் தெரிந்தவர்கள் பாடலாம் என்றார். நண்பன் எழுந்து மேடைக்குப் போனான். அவன் எங்கள் பழைய வரிகளை ஒன்றுவிடாமல் பாடினான். முன்வரிசைக் கதிரைகளில் இருந்த பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த நாங்கள் முதலாளியின் முகத்தையே பார்த்தோம். முதலாளி மேடைக்கு வந்து அவன் தோளில் கைபோட்டார்.

“நல்லாத்தான் பாடுற தம்பி. ஆனா ஒரிஜினல்ல இருக்கிற உருக்கம் இதுல வரலையே.”

“இதுதாங்க ஒரிஜினல்” என்றான் அவன்.

“இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று முதலாளி மைக்கிலேயே சொல்ல, சபை கைதட்டியது. அந்த உற்சாகத்தில் என்ன வேண்டும் கேள் என்றார். வரப்போகும் திருவிழாவுக்கு எனக்கும் சேர்த்து லீவு கேட்டான். அத்தனை பேர் முன்னால் மறுக்க வழியில்லை. கொடுத்துவிட்டு, தானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று ஆரம்பித்தார்.

திருவிழாவுக்குப் போனோம். கோவிலுக்குப் பக்கத்து மேடையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் ஏறினார்கள். நண்பனின் அம்மாவும் அவர்களில் ஒருவர். நான் நன்றாக அறிந்த அந்த மெட்டு வந்தது. மலையில கொழுந்து முத்திப் போச்சு, பறிக்க ஆள் இல்ல. பெத்த புள்ள கண்டியில துணி மடிக்குது, எனக்குத் தண்ணி மொண்டு தர ஆள் இல்ல என்று அம்மா கைதட்டிப் பாடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நண்பன் தரையைப் பார்த்தான்.

பாட்டு முடிந்ததும் அம்மாவிடம் போய், அந்தப் பாட்டைத் தானே கட்டியதாக மெல்லச் சொன்னான். அம்மா நம்பவில்லை.

“நீ எங்க கட்டுன? எங்க மலையில ரெண்டு வருசமா நாங்கதான் பாடுறோம். கண்டியில யாரோ இதக் கேட்டுட்டுப் போயி, அழுமூஞ்சிப் பாட்டா ஆக்கி வச்சிருக்கானுங்க.”

பெண்கள் இன்னொரு தடவை பாடப் போகிறார்கள் என்றதும் அவன் யாரிடமோ கிட்டார் வாங்கிவந்து அவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தான். தாளம் சேராமல் முதலில் தடுமாறினான். பாடுவதை நிறுத்தாமலே அம்மா திரும்பி, மெதுவாக வாசிக்கும்படி கையைக் காட்டினார். அன்று எனக்கு அங்கே வாளி கிடைக்கவில்லை. ஒரு வெற்று எண்ணெய்த் தகரம்தான் கிடைத்தது, ஆனால் சத்தம் அதில் நன்றாகவே வந்தது.