சந்தனம் ஏறிய கண்ணாடி

கல் பட்ட கார் கண்ணாடிக்குப் பிசின் ஏற்றும் வேலையைத் திருகோணமலையில் முதன்முதலாகச் செய்தவன் நான்தான் என்று சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. உண்மையா என்று எனக்கே தெரியாது. மறுத்துச் சொல்ல ஆளில்லை, அதனால் சொன்னேன்.

துறைமுக வாசலுக்குக் கிட்ட இருந்த ஒரு கராஜில் எனக்கு வேலை. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய புதிதில் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே மூன்று கால் வைத்த ஒரு திருகு, சில ஊசிகள், ஒரு போத்தலில் தண்ணீர் மாதிரித் தெளிந்த ரெசின். நாங்கள் அதைப் பிசின் என்றே சொன்னோம். கல் பட்ட குழிக்குள் இருக்கும் காற்றைத் திருகால் இழுத்தெடுத்து, அந்த இடத்தில் பிசினை இறக்கி, வெயிலில் இறுகவிட்டால் கண்ணாடி மறுபடி ஒன்றாகிவிடும். ஒரே ஒரு நிபந்தனைதான். குழிக்குள் தூசியோ ஈரமோ வேறு எதுவுமோ இருக்கக் கூடாது.

அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன், பாலையூற்றில் வாடகைக்கு ஹயர் கார் ஓடினார். ஒரு கலியாண வீட்டுக்குப் புல்மோட்டைக்குப் போய்த் திரும்பி வரும்போது, முன்னால் போன லொறியின் டயர்ச் சில்லிலிருந்து ஒரு கல் பறந்து வந்து கண்ணாடியில் அடித்தது. இடப்பக்கத்தில், அக்காவின் முகத்துக்கு நேரே. சுண்டுவிரல் நகமளவு குழி விழுந்தது. வேறு யாருமென்றால் லொறிக்காரனைத் திட்டியிருப்பார்கள். அவள் கண்ணாடியைக் கும்பிட்டாள்.

"எனக்குப் பட வேண்டியது. கண்ணூறு கழிஞ்சுது. பாவம், கண்ணாடி வாங்கிட்டுது" என்றாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவளே சந்தனம் அரைப்பாள். முதல் பொட்டு அத்தானுக்கு, அடுத்தது தனக்கு, மூன்றாவது அந்தக் குழிக்கு. மோதிர விரலால் அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளுவாள். நான் சும்மா இருப்பேனா?

"அக்கா, கண்ணாடிக்கு என்ன நட்சத்திரம்? ஒரு அர்ச்சனையும் செய்விப்பம்."

"உன்ர நட்சத்திரத்தைச் சொல்லிச் செய்விக்கிறன். உனக்குத்தான் வாய் கூடிப்போச்சு."

பிசின் ஏற்றித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டேன். அவள் விடவில்லை. சந்தனம் குளிர்ச்சி, வெடிப்பை ஓட விடாது என்று உறுதியாக நம்பினாள். கண்ணாடி வெடிப்புக்கும் வேர்க்குருவுக்கும் அவளுக்கு ஒரே வைத்தியம். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் சிரித்துவிடுவேன். அவளோடு கோபம் சாதிக்க யாராலும் முடியாது.

அந்த வருசம் மாரி மழை தொடங்க முன்னம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தானின் காரில், முன் இருக்கையில், தானே நடந்து போய் ஏறினாள். அவளைத் திருப்பிக் கொண்டு வந்ததும் அதே கார்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில் அத்தான் கராஜுக்கு வந்தார். தாடி எடுக்கவில்லை. வெயிலில் கொதித்துக் கிடந்த கண்ணாடியில் முதல் மழை விழ, குழியிலிருந்து ஒரு கீறல் விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. மேலே இருந்த சந்தனத்தை மழை கழுவிவிட்டது. குழிக்குள் இறுகியது மட்டும் மஞ்சளாக இருந்தது.

"இதை எடுக்காமச் செய்ய ஏலாதே?" என்று கேட்டார்.

"ஏலாது அத்தான். உள்ளுக்கு இடமில்லாட்டிப் பிசின் இறங்காது. கீறல் ஓடும். பிறகு முழுக் கண்ணாடியையும் கழட்டி எறிய வேண்டி வரும்."

"அப்ப எல்லாம் போயிரும்."

"ஓம்."

"இப்ப செய்தா?"

"சந்தனம் மட்டும்தான் போகும்."

அவர் குழிக்குள் இருந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அவள் தொட்ட கண்ணாடியாவது மிஞ்சட்டும். செய்" என்றார்.

காரைக் கராஜ் வளவில் நின்ற வாகை மரத்து நிழலில் நிறுத்தினேன். ஊசியைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அக்காமேல், காய்ச்சல்மேல், இந்த வேலையை என் கையில் தந்தவன் எவனோ அவன்மேல். சந்தனம் சிமெந்து மாதிரி இறுகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அதற்கு அடியில் இன்னொரு வெள்ளிக்கிழமை என்று துகள் துகளாகக் கிளறி எடுத்தேன். கடைசியில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்ததும் வாசம் எழும்பியது. கிறீசும் பெற்றோலும் மணக்கிற கராஜுக்குள் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைக் காலை வாசம். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பல்களைப் பார்த்தார். நான் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பிறகு தொட்டிருக்க மாட்டேன்.

ஈரம் போகச் சூடு காட்டி, திருகைப் பொருத்தி, பிசினை இறக்கினேன். சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கீறல் குழியிலிருந்து நுனிவரை மெல்ல மெல்ல அழிந்துகொண்டு போனது. மேலே கண்ணாடித்தாள் ஒட்டி, காரை வெயிலுக்குத் தள்ளினோம். இறுகிய பிறகு பிளேட்டால் சீவி, துணியால் துடைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் செய்ததில்லை. அக்காவுக்குச் செய்கிற கடைசி வேலை என்று நினைத்துச் செய்தேன்.

அத்தான் ஏறி இருந்து காரை எடுத்தார். வாசலைத் தாண்டி றோட்டுக்கு ஏறியதும் கார் நின்றுவிட்டது. ஏதோ பழுது என்று நினைத்து ஓடினேன். அவர் இடப்பக்கத்து வெற்று இருக்கைக்கு மேலால் எட்டி, கண்ணாடியை உட்பக்கமாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். தடவிய இடம் பிழை. குழி இருந்தது இன்னும் கொஞ்சம் மேலே.

"இந்தப் பக்கம் பாத்தா அது தெரியும். அவள் இருக்கிற மாதிரி இருக்கும்" என்றார். "இப்ப வெறும் றோட்டுத்தான்டா தெரியுது."

பின்னால் வந்த லொறிக்காரன் ஹோன் அடித்தான். அத்தான் அசையவில்லை. சண்டைக்கு நிற்கிறவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஏன்டா இவ்வளவு நல்லாச் செய்தனீ?"