மூடிக்குள் இருந்த மரவள்ளி

போன சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தபோது நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே நின்றவர் பார்சல்காரர். நான் நினைத்தது பொலிஸ் என்று.

பொலிஸுக்கு என் வீட்டில் என்ன வேலை? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகள் ஆரணியை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் நான் எழுதும் சட்ட விஷயங்களைத் திருத்துபவள். ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறாள். அந்தச் சனிக்கு முந்திய ஞாயிறு, அலுவலக வேலையாக மான்செஸ்டருக்குப் புறப்படும் அவசரத்தில், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மூலையில் சின்னதாக ஒரு கறுப்புத் துணிக் கூடாரம். அதன் ஸிப்பை இழுத்துத் திறந்தாள். உள்ளே மங்கலான லைட். அதன் கீழே ஒரு தட்டு, தட்டை மூடி ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிக்குள் எங்கிருந்தோ வெட்டி வந்து ஊன்றிய பச்சைக் குருத்துகள். எல்லாம் தலை தொங்கி நின்றன.

“அப்பா, இதுக்கு இன்னும் வேர் இல்லை. இலையாலதான் தண்ணி குடிக்கும். மூடியைத் திறந்து வைக்காதேங்கோ, காலமையிலை ஒருக்கா ஸ்ப்ரே பண்ணினாக் காணும். பசளை ஒண்டும் போடாதேங்கோ. முக்கியமா, வேர் வந்திட்டுதோ எண்டு இழுத்துப் பாக்காதேங்கோ. ப்ளீஸ்!”

என்ன செடி என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்பானேன்? விரல் விரித்த இலை. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு விரல் விரித்த இலையைக் கண்டால் வேறென்ன தோன்றும்? மரவள்ளி! லண்டனில் பிறந்த பிள்ளை, அறைக்குள் மரவள்ளி நடுகிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மனைவி வதனிக்குக் கலங்கவில்லை.

“மரவள்ளி எண்டால் தடியல்லோ ஊண்டுறது? இது குருத்தா இருக்கு.”

“இது மொடேர்ன் முறை.”

“நுனியெல்லாம் வெட்டிக் கிடக்கு?”

“தண்ணி ஆவியாப் போகாமல் இருக்க வெட்டியிருக்கிறாள்.”

“இலைக் கரையிலை பல்லுப் பல்லா இருக்கே, மரவள்ளிக்குப் பல்லு இருக்கோ?”

“இந்தக் குளிருக்கு எனக்கே பல்லுக் கிட்டுது. அது பாவம் மரவள்ளி!”

அந்த வாரம் நான் பத்தி எழுதியதைவிட அந்தத் தட்டைப் பார்த்ததுதான் அதிகம். காலையில் ஸ்ப்ரே. மூடியின் உள்பக்கம் முத்துமுத்தாக ஈரம் நிற்கிறதா? நிற்கிறது. ஹீட்டருக்குக் கிட்ட வைக்கலாமா? வேண்டாம், காய்ந்துவிடும். ஒன்லைனில் வேர்ப் பவுடர்கூட ஓடர் பண்ணினேன், என் சொந்தப் பெயரில்! அது ஊன்றுவதற்கு முன் பூசுவது என்று பிறகுதான் வாசித்தேன். ஆனாலும் ஒன்றை... சரி, ஒன்றே ஒன்றைத்தான்... இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை. திரும்ப ஊன்றிவிட்டுத் திரும்பினால், வாசலில் வதனி.

“சொல்லிப்போட்டுத்தானே போனவள்?”

சனிக்கிழமை காலை பார்த்தால், நான் இழுத்த அந்த ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் தலை நிமிர்ந்து நிற்கின்றன! படம் எடுத்தேன். குடும்பக் குரூப்பில் போட்டேன். ‘லண்டன் மரவள்ளி. உபயம்: ஆரணி. பராமரிப்பு: அப்பா.’

நோர்பரி மாமி உடனே குரலில் பதில் அனுப்பினார்: “தம்பி, வேர் விட்டதும் எனக்கும் ஒரு கண்டு தா.” ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் கைதட்டும் படங்களாகப் போட்டுவிட்டு, ‘மாமா, யூ ஆர் சோ கூல்’ என்று எழுதினான். மரவள்ளிக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். அங்கே அதை வீட்டில் வைப்பது சட்டப்படி சரி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ரகு போன் எடுத்தான். சித்தப்பாவின் மகன். நெடுங்காலம் ஹொலண்டில் இருந்துவிட்டு இங்கே வந்து கடை வைத்திருப்பவன்.

“அண்ணை, உந்தப் படத்தை உடனை அழியுங்கோ.”

“ஏன்ரா?”

“நான் ஹொலண்டிலை இருந்தனான் அண்ணை. உது மரவள்ளி இல்லை. கஞ்சா.”

அழைப்புமணி அடித்தது அந்த நிமிடம்தான். வந்தது என் பெயருக்கு வேர்ப் பவுடர்.

ஒரு செடி என்றாலும் இங்கே குற்றம். சட்டத்தைத் தொழிலாகக் கொள்ளப்போகிறவளின் பெயரில் இப்படி ஒன்று பதிந்தால்? நானும் அவளும் பட்ட பாடெல்லாம் ஒரு தட்டுக்குள். படத்தை அழித்தேன். வதனியிடம் விஷயத்தைச் சொன்னேன். பின்னேரம் ஆரணி வந்து சூட்கேஸை வைத்ததும் இரண்டு பேருமாக அவளைக் கூடாரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினோம்.

“நான் மரவள்ளி எண்டு சொல்லேல்லையே அப்பா.”

“அப்ப என்னெண்டு சொன்னனி?”

“நீங்கள் கேக்கேல்லை.”

வக்கீல்! நான் கத்தினேன். அவள் திருப்பிக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“எனக்கு நித்திரை வாறேல்லை அப்பா. வேலை தொடங்கினதிலையிருந்து. பிரெண்ட் ஒருத்தி இது உதவும் எண்டு தந்தவ.”

அந்தக் குருத்து ஒன்று வாடினால் ஸ்ப்ரேயோடு ஓடியவன் நான். இவள் கண்ணின் கீழ்க் கருமையை மாதக்கணக்காகப் பார்த்து, ‘பிள்ளை கடுமையா வேலை செய்யிறாள்’ என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

வதனிதான் கதைத்தாள். “திங்கள் காலமை டொக்டரிட்டைப் போறம். நானும் வாறன். இப்ப அதைப் பிடுங்கு.”

ஆரணியே பிடுங்கினாள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை வெளேரென்று வேர்! நான் இழுத்த ஒன்றில் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கித் தேயிலைச் சக்கையோடு குப்பையில் போட்டோம். உண்மையைச் சொல்வதென்றால், அந்த வேர்களைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமை. என்ன செய்ய?

மாமிக்கு ‘அழுகிவிட்டது’ என்று எழுதினேன். “தண்ணியைக் கண்டபாட்டுக்கு ஊத்தியிருப்பாய். உனக்கு உதெல்லாம் சரிவராது தம்பி” என்றார். மறுத்துச் சொல்ல ஏலுமா?

ஆரணி டொக்டரிடம் போய்வந்தாள். அலுவலகத்திலும் கதைத்திருக்கிறாள். நானோ காலையில் அவள் கதவடியில் நின்று, “நித்திரை கொண்டனியோ பிள்ளை?” மத்தியானம் போனில், “இரவு கொள்ளுவியோ?” பின்னேரம் வாசலில், “இப்ப நித்திரை வருதோ?”

நேற்று வதனி என் கையைப் பிடித்து இழுத்துவந்து கதிரையில் இருத்தினாள்.

“இஞ்சாருங்கோ, இதையும் இழுத்து இழுத்துப் பாக்காதேங்கோ.”

அதனால் நேற்றிலிருந்து என் இரண்டு கையும் காற்சட்டைப் பைக்குள்தான்... பத்தி எழுத மட்டும் வெளியே எடுத்தேன்.